பின்னாடி மாத்திக்கலாம்

கம்ப்யூட்டர் கடை மாடியில் இருந்தது. படி ஓர் ஆள் ஏறுகிற அகலம்தான். காஜா மொய்தீன் தன் சின்னச் சரக்கு வண்டியைப் பாகலூர் ரோட்டு ஓரத்தில், ஒரு வேப்பமர நிழலாகப் பார்த்து ஒதுக்கி நிறுத்திவிட்டுப் பின்கதவை இறக்கினார். உள்ளே உமைர் சக்கர நாற்காலியில் இருந்தான். நாற்காலி உருண்டுவிடாமல் இரண்டு பக்கமும் கயிறு போட்டு வண்டியின் கொக்கிகளில் இழுத்துக் கட்டியிருந்தது. தினமும் தக்காளிப் பெட்டி ஏற்றுகிற வண்டி. எவ்வளவு கழுவினாலும் ஒரு புளித்த வாடை அடித்தது. வருகிற வழியில் குலுங்கிக் குலுங்கிச் சரிந்திருந்த மகனின் தலையை நிமிர்த்தி, கழுத்துக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்தாள் தில்ஷாத்.

"மேல தூக்கிட்டுப் போயிரவா?" என்றார் காஜா.

"வேணாம்த்தா. அவங்களக் கீழ வரச் சொல்லுங்க" என்றான் உமைர் அப்பாவிடம். பதினேழு வயதுப் பையனை நாலு பேர் பார்க்கத் தூக்குவது என்றால் என்னவென்று தில்ஷாத்துக்குத் தெரியும். அவளே மாடி ஏறினாள்.

கடையைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் பெயர் மோகனப்ரியா. போனில் யாரிடமோ தெலுங்கில் பேசி முடித்துவிட்டு, தில்ஷாத் சொன்னதைக் கேட்டாள். வேறெதுவும் கேட்காமல் அட்டைப்பெட்டிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். உமைரைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினாள். அப்புறம் வண்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, வருகிற எல்லாருக்கும் இப்படித்தான் தெருவில் வியாபாரம் செய்கிறவள்போலப் பெட்டிகளைப் பரப்பினாள்.

"என்ன கேம் தம்பி ஆடப் போறீங்க?"

உமைர் சொன்னான். பெரிய மலையும் காடுமாக விரிந்து கிடக்கிற உலகத்தில் ஒருவன் நடந்துகொண்டே இருக்கிற விளையாட்டு. அவனுக்கு முகம் தெளிந்துவிட்டது. எந்தப் பிராசசர், எவ்வளவு ராம், படம் தெளிவாக வர எந்தக் கிராபிக்ஸ் கார்டு என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள். ராம் விலை கன்னாபின்னாவென்று ஏறிக் கிடப்பதாக மோகனப்ரியா அலுத்துக்கொண்டாள். கேபினெட் விளக்கு மின்னாததாக இருந்தால் போதும், அதில் கொஞ்சம் மிச்சமாகும் என்றான் உமைர். மகன் இவ்வளவு பேசி தில்ஷாத் கேட்டு நாளாகியிருந்தது. மூச்சு வாங்க வாங்கப் பேசினான்.

பிறவியிலேயே வந்த தசை நோய். முதலில் ஓடும்போது விழுந்தான். பிறகு நடக்கும்போது விழுந்தான். பிறகு நடக்கவில்லை. கை தோளுக்கு மேல் எழாமல் போனது, பிறகு மடியை விட்டே எழாமல் போனது. இப்போது விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்கின்றன. போனைப் பிடிக்க முடியவில்லை. உள்ளங்கையை மவுஸ் மேல் எடுத்து வைத்துவிட்டால் விரல் அசைகிற அசைவு போதும் என்று அவன்தான் கண்டுபிடித்துச் சொன்னான்.

இந்தக் கம்ப்யூட்டருக்கான காசு பெங்களூர் ஆஸ்பத்திரிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது. போன தடவை டாக்டர் உமைரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். இதயம் களைத்துவிட்டது, நுரையீரலும் அப்படித்தான். இனி அடிக்கடி இவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டாம், வீட்டிலேயே சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்து தில்ஷாத் மகனிடம், "மாத்திரையே போதுமாம், உடம்பு தேறிருச்சாம்" என்றாள். "சரிம்மா" என்றான் அவன். காஜா நாற்காலியைத் தள்ளினார்.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க்கா" என்று மோகனப்ரியா தில்ஷாத்தின் பக்கம் திரும்பினாள். "மதர்போர்டும் கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ்ஸும் இப்பவே நல்லதா போட்டுருங்க. கார்டு சின்னதா இருக்கட்டும். அஞ்சாறு வருஷம் போனா கார்ட மட்டும் பின்னாடி மாத்திக்கலாம். மத்ததெல்லாம் அப்படியே ஓடும். பட்ஜெட்ல வாங்கறவங்க எல்லாருக்கும் இதத்தான் சொல்வேன்."

"வேணாங்க்கா" என்றான் உமைர். "போர்டு சுமாரா இருந்தாப் போதும். இருக்கற காசுக்குக் கார்ட பெருசாப் போட்டுருங்க."

"அப்புறம் அப்கிரேட் பண்ண முடியாது தம்பி."

"பண்ண வேண்டி இருக்காதுங்க்கா."

சாதாரணமாகத்தான் சொன்னான். சர்க்கரை வேண்டாம் என்று சொல்வதுபோல. கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்த காஜாவின் கை நின்றது. "டீ வாங்கிட்டு வரேன்" என்று யாரும் கேட்காத டீக்கு ரோட்டைக் கடந்து போனார்.

தில்ஷாத்துக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "அவங்க தொழில் பண்றவங்க, அவங்களுக்குத் தெரியாதா? நீ சும்மா இரு" என்று மகனை அடக்கிவிட்டு மோகனப்ரியாவிடம் திரும்பினாள். "நல்ல போர்டாவே போடும்மா. பின்னாடி மாத்திக்குவோம்."

உமைர் அம்மாவைப் பார்த்தான். "சரிம்மா" என்றான். ஆஸ்பத்திரி வாசலில் சொன்ன அதே குரல்.

வீடு மூக்கண்டப்பள்ளியில், லைன் வீடுகளில் நடு வீடு. மத்தியானம் சாப்பிட்டானதும் தில்ஷாத் பாயை விரித்துப் பெட்டிகளை வரிசையாக வைத்தாள். சிப்காட்டில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவளுக்கு வேலை; நாளெல்லாம் சர்க்யூட் போர்டுகளில் துணுக்குகளைப் பொருத்துகிற கை. கடையில் மாட்டித் தருகிறோம் என்றதற்கு, நானே மாட்டுகிறேன், அவன் பக்கத்திலிருந்து சொல்லட்டும் என்று வாங்கி வந்திருந்தாள். அந்த ஒரு விஷயத்தில் அவனுக்கும் ஆசை. நாற்காலியைப் பாயின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டாள்.

போர்டு இருந்த பெட்டியை மூடியிருந்த டேப்பை நகத்தால் கிளப்பினாள்.

"அம்மா, அதப் பிரிக்காத."

"ஏன்?"

"பிரிச்சா மாத்தித் தரமாட்டாங்க."

அவள் நகத்தை எடுக்கவில்லை. "என்னடா பேசற நீ? அங்க அந்தப் பொண்ணு முன்னாடி அப்படிச் சொன்ன. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா?"

உமைர் மூச்சைச் சேர்த்துக்கொண்டான். "டாக்டர் என்ன சொல்லிருப்பாருன்னு எனக்குத் தெரியும்மா. பத்தாவது படிக்கறப்பவே எல்லாம் படிச்சுட்டேன். போன்லயே இருக்கு."

வெளியே பக்கத்து வீட்டுப் பொற்கொடி குழாயில் குடத்தை வைக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுந்தது.

"அப்புறம் ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"நீ தெரியாத மாதிரி இருந்த. நானும் அப்படியே இருந்துட்டேன். எனக்குப் பயமில்லன்னு சொல்லலம்மா. ராத்திரில இருக்கு. ஆனா மெதுவா மெதுவா மாத்திக்கற பொருள் எனக்கு வேணாம். சின்ன கார்டுல அந்த மலையெல்லாம் மங்கலாத் தெரியும். எனக்கு நல்லாப் பாக்கணும்."

அவள் அழுவாள் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும்; முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அழவில்லை. கிளம்பியிருந்த டேப்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அது பழையபடி ஒட்டிக்கொள்ளும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் ஏறாமல், காலையிலேயே கையோடு கொண்டுபோய் லாக்கரில் வைத்திருந்த போர்டு, கார்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கடைக்குப் போனாள். மாடிப்படியில் இரண்டு தடவை நின்றாள். மோகனப்ரியா ஒரு கேபினெட்டைத் திறந்து வைத்துத் தூசி ஊதிக்கொண்டிருந்தாள்.

"இத எடுத்துக்கிட்டு அவன் கேட்ட கார்டக் குடும்மா. போர்டு அதுக்கேத்த மாதிரி சுமாரா ஒண்ணு."

"நல்லா யோசிச்சுட்டீங்களாக்கா? பின்னாடி..."

"அவனுக்கு அவ்வளவு நாள் இல்லம்மா."

சொல்லிவிட்டுத்தான் தன் காதில் கேட்டாள். புருஷனிடம் சொல்லாதது. ஊரில் அம்மாவிடம் சொல்லாதது. தொழுகையில்கூட இந்தச் சொல்லை வாய்க்கு வரவிட்டதில்லை. பெயர் மட்டும் தெரிந்த ஒரு பெண்ணிடம், மவுஸும் கேபிளும் தொங்குகிற கடையில் நின்றுகொண்டு சொல்லியாகிவிட்டது. மோகனப்ரியா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பெட்டிகளை வாங்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வர நேரமானது. வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"இந்தக் கார்டு கொஞ்சம் நீளம்க்கா" என்றாள். "மாட்டறப்ப ஒரு முனையத் தாங்கிப் பிடிச்சுக்கோங்க. கனம் தாங்காது."

புதன்கிழமை தில்ஷாத்துக்கு இரண்டாவது ஷிப்ட். காலையில் உட்கார்ந்து மாட்டினாள். உமைர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். இடையில் ஒரு தடவை அவன் தப்பாகச் சொல்லி, இருவரும் சிரித்தார்கள். காஜா வாசலில் வண்டியைத் துடைப்பதுபோல நின்று உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். கார்டின் முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றதும் துணியைப் போட்டுவிட்டு வந்து மண்டியிட்டார். திருகாணியை முறுக்கி முடித்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. "விடுங்கத்தா, நின்னுக்கும்" என்று உமைர்தான் சொன்னான்.

விளையாட்டு வரும்போது மத்தியானமாகிவிட்டது. மகனின் கையை எடுத்து மவுஸ் மேல் வைத்து, மணிக்கட்டுக்கு அடியில் மடித்த துணியைச் செருகினாள். திரையில் ஒரு புல்வெளி விரிந்தது. அதற்குப் பின்னால் மலை, மலைக்குப் பின்னால் இன்னொரு மலை, அதன் உச்சியில் பனி. ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக அசைந்தது. அங்கே நின்றிருந்தவன் உமைரின் சுட்டுவிரல் அசைந்ததும் நடக்க ஆரம்பித்தான்.

"எந்தப் பக்கம் போலாம், சொல்லும்மா."

தில்ஷாத் கம்பெனிச் சீருடையில் நின்றிருந்தாள். தெருமுனையில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. "அந்தத் தண்ணி தெரியுதே, அங்க" என்றாள்.

அவன் திரும்பினான். சரிவில் இறங்கினான். ஓடைக் கல்லில் வெயில் பட்டுச் சிதறியது. பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. அவள் டிபன் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி நடந்துகொண்டிருந்தான்.