எங்கள் வீட்டின் பேரிடர்ப் பொறுப்பாளர்

எங்கள் மண்டலத்தின் பேரிடர்ப் பாதுகாப்புச் சட்டத்தை, அதை இயற்றியவர்களைவிட நன்றாக அறிந்தவன் நான் ஒருவனே. சட்டக் கல்லூரியில் இரண்டாமாண்டிலேயே நாற்பத்திரண்டு விதிகளும் எனக்கு மனப்பாடம். ஆற்றில் வெள்ளம் வந்தாலும், தெருக்கோடி அமோனியா கிடங்கில் கசிவு வந்தாலும், வீட்டுக்கொரு பொறுப்பாளர் ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்து, எண்ணி, வெளியே கொண்டுவர வேண்டும் என்கிறது சட்டம்.

படிவம் வந்த அன்று அப்பா பேனாவைத் திறந்தார். நான் காலரைச் சரிசெய்துகொண்டேன். அவர் எழுதியது அக்கா வீட்டுக்காரரின் பெயரை.

"மாப்பிள்ளை நிதானமான ஆளுடா."

"அப்ப நான்?"

"நீ வாயாடி."

மாமா ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை அளவெடுப்பவர். சட்டத்தின் அட்டையைக்கூடப் பார்த்திராதவர். அவருக்கு வந்த ஆரஞ்சு மேற்சட்டைக்கு அம்மா இஸ்திரி போட்டாள். என் சட்டைக்கு அவள் இஸ்திரி போட்டதாக வரலாறு இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. அந்தத் தீயை அணைக்க நாற்பத்திரண்டில் ஒரு விதியும் இல்லை.

முதல் ஒத்திகை ஞாயிறு காலை. சங்கு ஊதியதும் எல்லாரும் வெளியே ஓடினார்கள். நான் பரணில் ஏறிப் படுத்துக்கொண்டேன். ஆள் குறைந்தால் பொறுப்பாளர் மாற்றப்படுவார், விதி ஒன்பது.

வாசலில் மாமா என் பெயரை மூன்று முறை அழைத்தார். பிறகு ஏணி ஆடியது. வியர்த்த முகமொன்று எட்டிப் பார்த்தது.

"மச்சான், அடி கிடி பட்டுடுச்சா?"

"தூங்கிட்டேன் மாமா."

"அப்பாடா!"

வெளியே வந்தவர் மீண்டும் உள்ளே போகக் கூடாது, விதி பதினொன்று. ஒத்திகையைப் பார்வையிட வந்த அதிகாரி மாமாவின் பெயரை அடித்துவிட்டார்.

"திரும்பி உள்ள போறவன் ரெண்டாவது பிணம்," என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. "இதுகூடத் தெரியாம ஒரு பொறுப்பாளரா?"

மாமா மேற்சட்டையை மடித்து என்னிடம் நீட்டினார். "உனக்குத்தான் பொருந்தும் மச்சான். எனக்குத் தோள்ல இறுக்கம்."

அக்கா என் தலைமுடியிலிருந்த ஒட்டடையைப் பார்த்தாள். 

மேற்சட்டை என் தோளுக்கு வந்த பிறகும், பக்கத்து வீட்டுக்காரர்கள் சந்தேகம் கேட்டது மாமாவிடம்தான். அவர் என்னைக் கைகாட்டிவிடுவார். அது இன்னும் எரிந்தது.

அடுத்த மாதம் ஒரு மதியம், அறிவிப்பே இல்லாமல் சங்கு ஊதியது. காற்றில் மூக்கைத் துளைக்கும் நெடி. வாசலில் நின்று அழைத்தேன். அப்பா வந்துவிட்டார். அம்மாவும் அக்காவும்கூட.

"மாமா!"

"குளிச்சிட்டிருந்தாருடா," என்றாள் அக்கா.  "தண்ணி சத்தத்துல சங்கு கேட்டிருக்காது."

தெருவில் எல்லாரையும் மைதானத்துக்கு விரட்டிக்கொண்டிருந்தார் அதிகாரி. விதி பதினொன்று, அதன் மூன்று உட்பிரிவுகளோடு, வரி பிசகாமல் எனக்கு நினைவிருந்தது.

பெயர்ப் பட்டியலை அக்காவின் கையில் திணித்தேன். வாசல் குழாயில் கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனேன்.