பூக்கூடையாகிப்போன மீன்கூடை

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், முதல் மாடியில் பல் கிளினிக் வைத்திருந்தாள் டாக்டர் அஃப்ஷான். பக்கத்துப் போர்ஷனையும் வாடகைக்கு எடுத்து, இடைச்சுவரை இடித்துக் காத்திருப்பு அறையைப் பெரிதாக்கியபோது நீளமான சுவர் ஒன்று மொட்டையாக நின்றது. சேலையூரில் ஒரு தோழியின் வீட்டில் பிளஸ்ஸி என்ற பெண் வரைந்த ஓவியத்தைப் பார்த்திருந்தாள். இந்தச் சுவருக்கும் அவள் கையால்தான் ஒரு படம் வேண்டும் என்று தோன்றிவிட்டது. தோழியிடம் அவள் போன் நம்பரை வாங்கிப் பேசினாள்.

பிளஸ்ஸி பொழிச்சலூர்க்காரி, கல்லூரி முடித்துச் சில வருடங்கள் ஆகியிருக்கும். என்ன படம், என்ன நிறம் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. "உங்க கிளினிக்ல ஒரு சாயங்காலம் சும்மா உக்காந்திருக்கலாமா மேடம்?" என்றுதான் கேட்டாள்.

வந்து உட்கார்ந்தாள். பல்வலிக்காரர்களுக்கு நடுவே தானும் ஒருத்தியாக, மடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு. எதிரில் செல்வம்மாள் இருந்தாள். கொட்டிவாக்கம் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து பம்மலில் விற்பவள். மேல்வரிசையில் மிச்சமிருந்த பற்களைப் பிடுங்கிக்கொள்ள வந்திருந்தாள். காலடியில் காலி மீன்கூடை. "உங்கள வரைஞ்சுக்கட்டுமாக்கா?" என்று பிளஸ்ஸி கேட்டதும் செல்வம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வரைந்து முடித்துக் காட்டியபோது, "மூக்குத்திய கூட வுடல பாரு. சொவுத்துல மாட்டுவாங்களா கண்ணு?" என்று கேட்டாள். டாக்டருக்குப் பிடித்திருந்தால் மாட்டுவார்கள் என்றாள் பிளஸ்ஸி.

சில நாட்களில் பென்சில் வரைவு வாட்ஸ்அப்பில் வந்தது. வரிசையாக உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். கன்னத்தில் கைவைத்தவர், தூங்கி வழியும் அப்பா, ஜன்னலையே பார்க்கும் சிறுமி, கூடையோடு செல்வம்மாள். எல்லோரும் எதற்கோ பயந்துகொண்டும், ஒருவரை ஒருவர் பார்த்துத் தைரியம் அடைந்துகொண்டும் இருப்பதைப் போலிருந்தது. கீழே ஒரு செய்தி: "இது உங்களுக்குக் காட்ட மட்டும்தான் மேடம். பிடிச்சிருந்தா சொல்லுங்க, அட்வான்ஸ் வாங்கிட்டு கேன்வாஸ்ல ஆரம்பிக்கிறேன். ரெண்டு மாசம் ஆகும்."

புது அறையின் திறப்பு விழாவோ அந்த இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே வரவிருந்தது. அஃப்ஷான் அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டிருந்தபோது, பம்மலில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்த அவள் கணவன் ஜமீர் கைபேசியை வாங்கிப் பார்த்தான்.

"இதுக்குப் போய் ரெண்டு மாசமா? ஏஐ ஆப்ல போட்டா கலர் பண்ணிக் குடுத்துடும். நம்ம கடையிலயே கேன்வாஸ்ல அடிச்சு ஃப்ரேம் போட்டுடலாம்."

"அந்தப் பொண்ணு தப்பா நினைக்காதா?"

"அதுகிட்ட ஏன் சொல்ற?"

அவன் பேசி முடிப்பதற்குள் படம் வண்ணத்தில் வந்துவிட்டது. பளபளவென்று இருந்தது. அஃப்ஷானுக்குப் பிடித்திருந்தது, அதுதான் உண்மை. வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவள் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிளஸ்ஸிக்கு எழுதினாள்: "இப்போதைக்கு பிளான் டிராப் பண்ணிட்டோம். அப்புறம் சொல்றேன்." பிளஸ்ஸி, "பரவாயில்ல மேடம்" என்று ஒரு பூவும் போட்டு அனுப்பியிருந்தாள்.

விழாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் படத்தின் முன்னால் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். கிளினிக்கின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் படம் ஏறியது. யார் வரைந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். "எங்க சொந்த ஐடியாதான்" என்று பதில் போட்டாள் அஃப்ஷான். போட்ட கையோடு அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஈறு ஆறிய பிறகு பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள் செல்வம்மாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சுவருக்குப் போனாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"நான் எங்கம்மா கீறேன்?"

அஃப்ஷான் அதுவரை அந்தப் படத்தை அப்படிப் பார்த்ததே இல்லை. செல்வம்மாள் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த நிறத்தில், வழவழப்பான கன்னத்தோடு ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மூக்கு வெறுமையாக இருந்தது. காலடிக் கூடையில் மல்லிகைச் சரங்கள் குவிந்திருந்தன.

"இதோ, இதுதான்," என்றாள் அஃப்ஷான்.

செல்வம்மாள் கிட்டே போய்ப் பார்த்தாள். "இது நான் இல்லியே. யாரோ பூக்காரி கணக்கா கீது. அந்தப் பொண்ணு கரெக்டாத்தான காட்டுச்சு?"

காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அஃப்ஷானின் வாயிலிருந்து யோசிக்காமல் வந்தது: "வரைஞ்சவங்களே அப்புறம் மாத்திட்டாங்க போலிருக்கு."

"ஓகோ," என்றாள் செல்வம்மாள். அளவெடுக்க வாயைத் திறந்தவள், முடியும்வரை கண்ணை மூடியே இருந்தாள்.

பிளஸ்ஸியின் அம்மா மீன் வாங்குவது செல்வம்மாளிடம்தான் என்று அஃப்ஷானுக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பம்மலுக்குப் போன பிளஸ்ஸியிடம், "ஏன் கண்ணு, என்னியப் போய்ப் பூக்காரியா மாத்திகினே? மீனு நாறும்னா?" என்று செல்வம்மாள் கேட்டுவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பிளஸ்ஸி வந்தாள். அறை நிறைந்திருந்தது. உள்ளே ஒருவருக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்த அஃப்ஷான், கண்ணாடிக் கதவு வழியே அவள் படத்தின் முன்னால் நிற்பதைப் பார்த்தாள். கையுறையோடு வெளியே வந்தாள்.

"செல்வம்மாக்கா நான் ஏன் மாத்தினேன்னு கேட்டாங்க," என்றாள் பிளஸ்ஸி. சத்தம் போடவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "நான் மாத்தல மேடம். நான் இத வரையவே இல்லையே."

"உள்ள வந்து பேசலாமே பிளஸ்ஸி."

"வேணாம் மேடம், பேஷண்ட்ஸ் காத்துகிட்டு இருக்காங்க. எங்க சொந்த ஐடியான்னு போட்டிருந்தீங்க, அதையும் படிச்சேன். நீங்க நெனச்சது ஒரு சுவர்தான். மத்ததெல்லாம் நான் இங்க உக்காந்து பார்த்தது." அவளுக்குக் குரல் உடைந்தது. அது உடைந்ததைக் கண்டு அவளுக்கே கோபம் வந்தாற்போலிருந்தது. படியிறங்கிப் போய்விட்டாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் கைபேசியைப் பார்த்தார், ஒரு பெண்மணி குழந்தையின் தலையைத் தடவினார். ஏதாவது கேட்டிருந்தால் பதில் சொல்லியாவது தொலைத்திருக்கலாம். உள்ளே போய் நாற்காலியில் இருந்தவரிடம், "கொஞ்சம் வாயத் திறங்க சார்," என்றபோது அவள் முகமூடிக்குள் வியர்த்துக் கொட்டியது. நல்லவேளை, முகமூடி இருந்ததே என்றுகூட ஒருகணம் நினைத்துக்கொண்டாள்.

கடைசிப் பேஷண்ட் போனதும் படத்தைக் கழற்றி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். ஜமீருக்கு எரிச்சல். "நெட்ல ஊரே பண்றதுதான் இது. காசு ஏதாவது வேணும்னா குடுத்துட்டுப் போலாம். இதுக்கு ஏன் இவ்வளவு பேஜார்?"

"நீ கலர் பண்ணின, சரி. டிராப் பண்ணிட்டோம்னு எழுதினது நான். அவதான் மாத்தினான்னு பழி போட்டதும் நான்," என்றாள் அஃப்ஷான்.

சேலையூர்த் தோழியிடம் முகவரி கேட்டுக்கொண்டு, பொழிச்சலூரில் பிளஸ்ஸியின் வீட்டுக்கு அவள் தனியாகத்தான் போனாள். பிளஸ்ஸியின் அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். யார் வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, இருந்தாலும் வைத்தார். வழியெல்லாம் அடுக்கிவைத்துக்கொண்டு வந்த சொற்களில் மன்னிப்பைத் தவிர வேறெதையும் சொல்ல அஃப்ஷானுக்கு வரவில்லை. கடைசியில், "அந்தச் சுவருக்கு நீங்களே மறுபடி வரைஞ்சு குடுங்க. எத்தன மாசம் ஆனாலும் சரி," என்றாள்.

"வரையல மேடம்."

"நான் பண்ணினதுக்கு..."

"அதான் சொல்றேன். நான் வரைஞ்சு மாட்டிட்டா உங்களுக்கு நிம்மதியாயிடும். அந்த ரூமுக்கு வந்து உக்காந்தா எனக்கு இனிமே கை ஓடாது." பிளஸ்ஸி ஆறிய டீயை நகர்த்தி வைத்தாள். "நீங்க எழுதினத எங்க எழுதினீங்களோ அங்கயே திருத்துங்க. அது போதும்."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தவள் நாலைந்து தடவை அழித்தாள். ஒவ்வொரு முறையும் எங்கேயோ ஒரு "தவறுதலாக" நுழைந்துவிட்டது. அதையெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சியது சின்னதாக இருந்தது. "இங்கே போட்டிருந்த படம் எங்கள் ஐடியா இல்லை. ஓவியர் பிளஸ்ஸி எங்களை நம்பி அனுப்பிய வரைவை, அவரிடம் கேட்காமல், வேண்டாம் என்று பொய் சொல்லிவிட்டு, ஏஐ-யில் போட்டு மாற்றி அச்சடித்தோம். செய்தது நான்." பழைய பதிவை நீக்கிவிட்டு, அதே பக்கத்தில் வெறும் சுவரின் புகைப்படத்தோடு இதைப் போட்டாள்.

ஊருக்கெல்லாம் ஏன் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று ஜமீரின் அக்கா போன் செய்து கேட்டாள். சில பேஷண்டுகள், இதில் என்ன தப்பு டாக்டர் என்று எழுதியிருந்தார்கள். அதைப் படிக்கும்போதுதான் கூச்சம் இன்னும் அதிகமாக இருந்தது. யாரோ கட்டியணைத்து ஆறுதல் சொல்ல, அதற்குத் தான் தகுதியில்லை என்று தனக்கு மட்டும் தெரிந்திருப்பதைப் போல.

பல்செட் தயாரானதும் செல்வம்மாள் வந்தாள். அஃப்ஷான் அவளை உள்ளே உட்காரவைத்து, கதவைச் சாத்தாமலே, நடந்ததைச் சொன்னாள். பிளஸ்ஸி எதையும் மாற்றவில்லை, மாற்றியது தாங்கள்தான், அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொன்னாள்.

செல்வம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நானு அந்தப் புள்ளைய மார்க்கெட்டுல வச்சு, நாலு பேரு முன்னாடி கேட்டுட்டேனே. அது வாயே தொறக்கலம்மா."

அஃப்ஷான் பல்செட்டை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"எங்க கீது அது வூடு? ஒரு வாட்டி போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்."

முகவரி அஃப்ஷானுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். "ஒரு நிமிஷம்மா, அவங்கள கேட்டுட்டுச் சொல்றேன்." செல்வம்மாள் வீட்டுக்கு வர விரும்புகிறாள், முகவரி கொடுக்கலாமா என்று பிளஸ்ஸிக்கு எழுதி அனுப்பினாள். பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் பல்செட்டைப் பொருத்தி, எங்கே உறுத்துகிறது என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்துக் கொடுத்தாள்.

பதில் வந்தது. "அவங்க வரலாம். அவங்க மட்டும்."

அஃப்ஷான் அதை இரண்டு முறை படித்துவிட்டு, பொழிச்சலூருக்கு எங்கே ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று செல்வம்மாளுக்குச் சொன்னாள். செல்வம்மாள் புதுப் பல்லின் மேல் நாக்கை ஓட்டிப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள்.