பெரிய பாய்க்கு ஒரு டம்ளர் தண்ணீர்

1

இந்தக் கதை என் ரத்த அழுத்தத்தில் ஆரம்பித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம், அதாவது எண்பத்தொன்பதில், பாகாயத்தில் ஒரு கிளினிக்கில் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்த சிஸ்டர், ஒரு பாட்டை முனகினார். வேலூர்ப் பக்கம் எந்தக் கல்யாண ஊர்வலத்திலும் பேண்ட் செட்காரர்கள் தவறாமல் வாசிக்கும் பாட்டு அது.

“இது எந்தப் படத்துப் பாட்டு சிஸ்டர்?”

“பேசாதீங்க, பிரஷர் ஏறும்,” என்றார். பட்டையை அவிழ்த்த பிறகு சொன்னார்: “படமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு மொதலாளிய திட்டி எழுதின பாட்டு. மொதமொதல்ல அதுக்கு ஆர்கன் வாசிச்சது நான்தான்.”

அவர் பெயர் ஞானசுந்தரி. எனக்குப் பிரஷர் சீக்கிரமே இறங்கிவிட்டது. கதைக்காகத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தேன்.

2

தொடக்கங்கள்.

‘பாலாறு அழுதுகொண்டிருந்தது.’ அடித்துவிட்டேன். ஆறு அழாது. அழுவதற்குப் பாலாற்றில் தண்ணீரும் இல்லை.

‘நீண்ட தலைமுடியோடு, தோளில் கிடாரோடு, ஆம்பூர் ரயில் நிலையத்தில் ஒரு புரட்சி வந்து இறங்கிய—’ இதையும் பாதியில் விட்டேன். ஆபித் பாஷாவை நீங்கள் பார்ப்பதற்கு முன்பே நான் கிண்டல் செய்வது நியாயமில்லை.

நேராகவே சொல்கிறேன். எண்பதாம் வருஷம் ஆபித் பாஷா பெங்களூரில் படிப்பை முடித்து ஆம்பூருக்குத் திரும்பினான். அவன் அப்பா சர்தார் பாஷாவுக்கு ஊருக்கு வெளியே ஒரு டேனரி இருந்தது. அங்கே தோல் பதப்படுத்திய கழிவுநீர் குழாய் வழியாக வாய்க்காலுக்கும், வாய்க்கால் வழியாக ஆற்று மணலுக்கும் போனது. தொழிலாளிகள் குடியிருந்த லைன் வீடுகளின் அடிபம்பில் வந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறியது. பெங்களூரில் ராக் இசையையும், உலகம் அநியாயமானது என்பதையும் ஒன்றாகக் கற்றுக்கொண்டு வந்திருந்த ஆபித், அந்தத் தண்ணீரைப் பார்த்தான். ஒரு இசைக்குழு ஆரம்பித்தான்.

3

குழுவில் மூன்று பேர். கிடாரும் குரலும் ஆபித். ஆர்கன் ஞானசுந்தரி, சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்துப் பழகியவர், அப்போது நர்ஸ் வேலைக்குப் புதிது. டிரம்ஸ் இன்பசேகரன். அவன் சர்தார் பாஷாவின் டேனரியிலேயே டிரம் ஓட்டுகிறவன். (தோலை ஊறவைத்துச் சுழற்றுகிற பெரிய மரப் பீப்பாய்க்கும் அங்கே டிரம் என்றுதான் பேர். ‘பகல்ல அந்த டிரம்மு, சாயங்காலம் இந்த டிரம்மு’ என்று அவனே சொல்லிச் சிரிப்பானாம்.)

வேலை நேரத்தில் இன்பசேகரனுக்கு சர்தார் பாஷா ‘பெரிய பாய்’, ஆபித் ‘சின்ன பாய்’. ஒத்திகையில் ‘டேய் ஆபித்’.

இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. கிடாரும் டிரம்ஸும் ஆர்கனும் சர்தார் பாஷா வாங்கிக் கொடுத்தவை. ஒத்திகை நடந்தது டேனரியின் பழைய கோடவுனில். அப்பாவின் கரண்டில் அப்பாவைத் திட்டினால் அது கலகமா? ஞானசுந்தரியிடமே கேட்டேன்.

“எனக்கும் அதே டவுட்டுதான்,” என்றார். “ஒருநாள் இன்பா நேராவே கேட்டுட்டான்: ‘டேய், நீ பாடி முடிச்சிட்டு வூட்டுக்குப் போய் ஃபில்டர் தண்ணி குடிக்கிற. நான் லைனுக்குப் போய் அடிபம்பு அடிக்கிறேன். இதுல கோவம் யாருக்குடா வரணும்?’ ஆபித் மூஞ்சி செத்துப்போச்சி. ஒரு வாரம் ஒத்திகைக்கே வரல.”

வந்தபோது புதுப் பாட்டோடு வந்தான். அதற்கு முன் அவன் எழுதியதெல்லாம் ‘ஓ நதியே, விலங்குகளை உடைத்தெறி’ என்ற ரகம். இதில் நதியே இல்லை.

*பெரிய பாயி, பெரிய பாயி, தண்ணி இன்னா கலரு?*
*குடிச்சிக் காட்டு, குடிச்சிக் காட்டு, ஒரே ஒரு டம்ளரு!*

இன்பசேகரன் இரண்டு முறை கேட்டான். பிறகு குச்சிகளைக் கையில் எடுத்தான்.

4

வேலூரில் ஒரு கல்லூரி விழாவில் பாடினார்கள். மாணவர்கள் பெஞ்சு மேல் ஏறி ஆடினார்கள். செய்தி ஆம்பூருக்கு வந்துவிட்டது. சர்தார் பாஷா மகனைக் கூப்பிட்டார்.

(இந்தக் காட்சியை நான் முதலில் எழுதியபோது அவர் ஆபித்தின் கன்னத்தில் அறைந்தார். கிடாரைப் பிடுங்கினார். எழுத சுகமாக இருந்தது. ஞானசுந்தரி வாசித்துவிட்டு, “பெரிய பாய் அப்படிப்பட்ட ஆள் இல்லீங்க,” என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.)

நடந்தது இதுதான். அவர்கள் வீட்டில் பேசுவது உருது. நான் கேட்டபடி தமிழில் தருகிறேன்.

“பாட்டு கேள்விப்பட்டேன். சத்தம் ஜாஸ்தி. மெட்டு நல்லா இருக்குன்னு சொல்றாங்க.”

“அது உங்களைப் பத்தின பாட்டு, அப்பாஜான்.”

“தெரியும். அதான் சொல்றேன், கம்பெனி ஆண்டு விழாவுல பாடு. நம்ம ஆளுங்களும் கேக்கட்டும்.”

ஆபித் கோடவுனுக்கு வந்து ஆம்ப்ளிஃபையர் மேல் உட்கார்ந்துவிட்டான். “அவருக்குக் கோவமே வரலடா,” என்றான். கோபத்துக்கு அவன் தயாராக இருந்தான். வீட்டை விட்டுப் போகவும் தயாராக இருந்தான். பாராட்டை அவன் எதிர்பார்க்கவில்லை.

“உனக்கு அது பேஜார். எனக்கு இது வேலை,” என்றான் இன்பசேகரன். “அவர் எதிர்ல டிரம்ஸ் வாசிச்சிட்டு மறுநாள் எந்த மூஞ்சோட உள்ள போறது?” பிறகு அவனே, “சரி வுடு, வாசிக்கிறேன். எங்க ஆளுங்க கேக்கணும்,” என்றான்.

5

ஆண்டு விழா எண்பத்திரண்டில், ஒரு மத்தியானம், ஷெட்டுக்குள். முன்வரிசையில் சர்தார் பாஷாவும் வெளியூர் வியாபாரிகளும். பின்னால் தொழிலாளிகள்.

பாட்டு ஆரம்பித்தது. யாரும் அசையவில்லை. எல்லோரும் பெரிய பாயின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தார். உடனே ஷெட் முழுக்கக் கைதட்டியது. ‘முதலாளி எவ்வளவு பெரிய மனுஷன்’ என்கிற கைதட்டல். ஆபித்தின் குரல் உடைந்தது. பாட்டை நிறுத்திவிட்டான்.

(‘அவன் கிடாரை ஓங்கித் தரையில்—’ இல்லை. உடைக்கவில்லை.)

இன்பசேகரன் நிறுத்தவில்லை. கூடவே ஞானசுந்தரியும். அந்தத் தாளத்தின் நடுவே, தோலின் ஓரம் வெட்டும் பிரிவில் வேலை செய்த ஹலீமா பீ எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். லைன் பம்பில் அடித்த தண்ணீர். நேராக முன்வரிசைக்கு நடந்து வந்து நீட்டினார்.

“பாட்டுல கேட்டாங்களே பாய். கொண்டாந்துட்டேன்.”

இப்போது டிரம்ஸும் நின்றது. சர்தார் பாஷா வியாபாரிகளைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். பிறகு கையில் வாங்கினார். வாங்கியதோடு நிற்கவில்லை, தூக்கி உதட்டருகே கொண்டுபோனார்.

“வேணாம் அப்பாஜான்! குடிக்காதீங்க!”

மைக் ஆபித்தின் வாய்க்கு முன்னால் இருந்தது. ஷெட் முழுவதும் அந்தக் குரல் அதிர்ந்தது.

ஹலீமா பீ திரும்பி மேடையைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை என்கிறார் ஞானசுந்தரி. குழந்தைக்குச் சொல்வது மாதிரி கேட்டாராம்:

“அப்ப நாங்க மட்டும் குடிக்கலாமா, சின்ன பாய்?”

சர்தார் பாஷா டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போனார்.

6

இங்கே எனக்குள் இருக்கும் கட்டுரையாளன் குறுக்கிட விரும்புகிறான். ஒரு பத்தி மட்டும் அனுமதிக்கிறேன். கலகப் பாட்டு பாடுகிறவன் உண்மையாகப் பாடுகிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அன்று ஆபித் பாடிய வரிகளை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. பாட்டில் இல்லாத அந்த ஒரு கத்தலை வைத்துச் சொல்லிவிடலாம்போல் தோன்றுகிறது. அந்தத் தண்ணீர் விஷம் என்று அவன் நம்பியிருக்கிறான். அப்பா மேல் அவனுக்கு இருந்த பாசமும் பொய்யில்லை. அந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில்தான் அவன் பிடிபட்டுப்போனான். போதும்.

7

யாருக்கும் வேலை போகவில்லை. மழைக்காலத்துக்குள் ஆற்றை விட்டுத் தள்ளி மேட்டில் ஒரு கிணறு வாங்கி, அங்கிருந்து லைனுக்குக் குழாய் போட்டார் சர்தார் பாஷா. காரணம் எதுவும் சொல்லவில்லை. குழாய் திறந்த அன்று முதல் குடத்தை ஹலீமா பீதான் பிடித்தார்.

பாட்டைத் தொழிலாளிகள் எடுத்துக்கொண்டார்கள். கிடாரைக் கழற்றிவிட்டு கிளாரினெட்டைப் போட்டார்கள். கல்யாணத்துக்குக் கல்யாணம் ‘ஒரே ஒரு டம்ளரு’ என்று பேண்ட் செட் வாசித்து முடித்ததும், கூட்டம் மொத்தமும் ‘வேணாம் அப்பாஜான்!’ என்று கத்திவிட்டு ஆடும். திட்டுப் பாட்டு குத்தாட்டப் பாட்டு ஆகிவிட்டது. ஞானசுந்தரிக்கு அதில் வருத்தமே இல்லை. “நாலு பேர் ஆடற பாட்டுக்கு வாசிச்சிருக்கேன். அது போதாதா?” என்றார். அவர் சிரித்தால் முழு முகமும் சிரிக்கிறது.

8

முடிவுகள்.

முதல் முடிவில் ஆபித் வீட்டை விட்டுப் போய்ப் பெரிய பாடகன் ஆகிறான். பொய். இரண்டாவதில் தலைமுடியை வெட்டிக்கொண்டு எல்லாவற்றையும் மறந்துபோகிறான். இதில் முடி வெட்டியது மட்டும் உண்மை.

சர்தார் பாஷா காலமான பிறகு டேனரியை ஆபித்தான் நடத்துகிறான். லைனுக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது. கழிவுநீர் இன்னும் ஆற்றுக்குத்தான் போகிறது.

போன வருஷம் இன்பசேகரனுக்குக் கல்யாணம். வரவேற்பில் ஆபித் சந்தோஷமாக இருந்தான், மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டபடி. “இன்பா, அந்தப் பாட்டு பழசாய்டுச்சிடா. ஆத்தப் பத்திப் புதுசா ஒண்ணு எழுதலாம், வா,” என்றான்.

மாப்பிள்ளை மாலையைச் சரிசெய்துகொண்டு சிரித்தான். “எதுக்குடா புதுசு? பேரக்கூட மாத்த வேணாம். இப்ப பெரிய பாய் நீதானே.”

பக்கத்தில் நின்ற ஞானசுந்தரி இதைக் கேட்டார். ஆபித் மாப்பிள்ளையின் தோளிலிருந்து கையை எடுத்தானாம். பிறகு மேடை ஏறி, வாத்தியக்காரரிடமிருந்து கிடாரை வாங்கி மாட்டிக்கொண்டு, அதே பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடினான். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

“எப்படிப் பாடினார் சிஸ்டர்? அவங்க அப்பா தாளம் போட்ட மாதிரி, ஊருக்குக் காட்டவா? இல்ல, நெஜமாவே தன்னைக் கேட்டுக்கிட்டாரா?”

ஞானசுந்தரி வாசலைப் பார்த்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “நல்லா பாடினாரு,” என்றார்.

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். அவன் எதற்காகப் பாடினான் என்பதை நான் எழுதப்போவதில்லை. அந்தக் கல்யாணக் கூட்டத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து அவன் முகத்தைப் பாருங்கள்.