கருவிக் கோளாறு

அத்தை சிப்போராவின் கையிலிருந்த சாம்பல் கிண்ணத்தை ஜபிலே பிடுங்கி வாசலுக்கு வெளியே வீசினாள். தகரக் கிண்ணம் உருண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கம்பி வேலியில் முட்டி நின்றது.

"பைத்தியமாடி உனக்கு?" என்றாள் அத்தை. "சாவு விழுந்த வீட்டுல சன்னலுக்குச் சாம்பல் பூச வேண்டாமா? தெருவுல போறவனுக்கு எப்படித் தெரியும்?"

"சன்னலைப் பாருங்க அத்தை. பக்கத்துல போய் நல்லாப் பாருங்க. அதுக்கு மேல நீங்க வேற பூசணுமா?"

அத்தை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் ஜபிலேயின் அம்மா அந்தக் கண்ணாடியை ஈரச் செய்தித்தாளால் தேய்த்திருந்தாள். பாதி தேய்ப்பதற்குள் மூச்சு வாங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இன்று செவ்வாய். தேய்த்த பாதி எது, தேய்க்காத பாதி எது என்று சொல்ல முடியவில்லை. அத்தை தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போய், சாவு வீட்டு வழக்கப்படி நிலைக்கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

அம்மா நோமஸ்வாசி விடியற்காலை நாலரை மணிக்கு இறந்துபோயிருந்தாள். இரண்டு மணியிலிருந்து நெபுலைசர் ஓடிக்கொண்டிருந்தது. அறையில் இருந்த அதே காற்றைத்தான் அது இழுத்து மருந்தோடு கலந்து அவள் முகத்தில் ஊதியது. கடைசி அரை மணி நேரம் அம்மா பேசவில்லை. முகமூடியை எடு என்று கையால் மட்டும் காட்டிக்கொண்டே இருந்தாள். ஜபிலே எடுக்கவில்லை. வைத்தால்தான் நல்லது என்று பிடித்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் அப்பா எலியாஸ் ஸ்கோசானா நிலக்கரி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் டாக்டர் எழுதிக் கொடுத்த தாள். ஜபிலே எட்டிப் பார்த்தாள். மரணத்தின் வகை: இயற்கை.

"இதுல என்னப்பா இயற்கை?"

"அம்பத்தெட்டு வயசு. பத்து வருஷமா இருமல். வேற என்னன்னு எழுதுவாங்க?"

"காத்துன்னு எழுதச் சொல்லுங்க."

"காத்துன்னு யாரும் எழுத மாட்டாங்கம்மா."

"நீங்க கேட்டீங்களா? ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் தாளை நாலாக மடித்தார். முப்பத்தோரு வருஷம் அனல்மின் நிலையத்தின் சாம்பல் பிரிவில் வேலை பார்த்து, நாலு வருஷம் முன்பு ஓய்வு பெற்றவர். இந்த வீடு நிலையம் தந்தது. ஜபிலேயின் டிப்ளமோவும் நிலையம் கொடுத்த உதவித்தொகையில் படித்ததுதான். அந்த இரட்டைப் புகைபோக்கியைப் பற்றி இந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசியதில்லை.

ஜபிலேயின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

குடியிருப்பின் எக்ஸ்டென்ஷன் ஒன்பது என்ற பகுதியில், பள்ளிக்கூட மைதானத்தின் மூலையில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. கூரையில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சும். உள்ளே ஒரு வெள்ளைக் காகித நாடா மணிக்கு ஒரு முறை நகரும். காற்றில் மிதக்கும் தூசி, கரி, புகை, கண்ணுக்குத் தெரியாத துகள் எல்லாம் அதில் வட்டமாகப் படியும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி. நல்ல காற்று என்றால் புள்ளி இருப்பதே தெரியாது. அந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த நிறுவனத்தில் ஜபிலே டெக்னீஷியன். அளவுகளைச் சரிபார்த்து மாதா மாதம் கையெழுத்துப் போட்டு அரசாங்கத்துக்கு அனுப்புவது அவள் வேலை.

ஒரு நாளின் சராசரி, கன மீட்டர் காற்றுக்கு நாற்பது மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. குளிர்காலத்தில் ஹைவெல்ட் என்னும் இந்தத் தென்னாப்பிரிக்க மேட்டுநிலத்தின் காற்று மூடி போட்ட பானை மாதிரி அசையாமல் கிடக்கும். எழுபது, தொண்ணூறு, நூற்றைம்பது என்று ஏறும். அப்படி ஏறும் நாட்களில் அவள் நிறுவனத்தின் மேலாளர் ரம்பேடி போன் செய்வார். "கருவியில ஏதோ கோளாறு போல இருக்கே ஜபிலே. அந்த மணி நேரத்தை எல்லாம் கோளாறுன்னு குறிச்சு விட்டுடும்மா." அப்படிக் குறித்தால் அந்த மணி நேரங்கள் கணக்கிலேயே வராது. இரண்டு குளிர்காலமாக அவள் குறித்துக்கொண்டிருந்தாள். கருவிக்கு ஒரு கோளாறும் இல்லை.

தினமும் காலையில் தேநீரை நீட்டிக்கொண்டே அம்மா கேட்பாள். "இன்னைக்குக் காத்து எப்படிடி?"

"பரவாயில்லம்மா."

"நீ சொன்னா சரி," என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போட வெளியே போவாள்.

புதன்கிழமை, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, ஜபிலே சொல்லாமல் கொள்ளாமல் கொட்டகைக்குப் போனாள். திங்கள் இரவுக்கும் செவ்வாய் காலைக்கும் உரிய நாடாவைக் கத்தரித்து எடுத்தாள். பத்து மணிப் புள்ளி சாம்பல் நிறம். இரண்டு மணிப் புள்ளி சட்டைப் பொத்தான் மாதிரி கறுப்பு. அந்த மணி நேரத்தின் அளவு நானூற்றுப் பன்னிரண்டு. அதைச் சுருட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, தரையில் போட்ட மெத்தையில் அத்தையோடு போர்வை போர்த்தி உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்கள் எல்லோரும் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை அடக்கம் நடந்தது. நிலையம் இரண்டு பேருந்தும், ஆள் உயரத்துக்கு ஒரு மலர் வளையமும் அனுப்பியிருந்தது. அடக்கம் முடிந்து வந்தவர்கள் வாசலில் கைகழுவிவிட்டு முற்றத்துக் கூடாரத்தில் உட்கார்ந்தார்கள். மாட்டிறைச்சியும் உடைத்த சோளமும் பீட்ரூட்டும் தட்டில் வந்தன. ரம்பேடி கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஜபிலே தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் போனபோது எழுந்து வந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. உங்க அம்மா கையால நான் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கேன்." குரலைத் தாழ்த்தினார். "உன் லேப்டாப்பை ஆபீஸ்ல இருந்து எடுத்துட்டு வந்து உங்க அத்தைகிட்ட கொடுத்திருக்கேன். ஜூலை அறிக்கை திங்கட்கிழமை போகணும். கடைசி நாலு நாள் கொஞ்சம் ஏடாகூடமா இருக்கு. குறிச்சுட்டு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு. அவசரம் இல்ல, நாளைக்குச் சாயங்காலம் பண்ணினாக்கூடப் போதும்."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். அதற்குள் டாக்ஸி ஓட்டும் பெக்கி பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தான்.

"சார், நீங்க காத்துப் படிச்சவராமே. எங்க வெள்ளை ஆடு ஜூன் மாசம் கறுப்பாயிடுது, மழை வந்தாத்தான் வெளுக்குது. அந்த மழையும் முன்ன மாதிரி வர மாட்டேங்குது. என்னதான் சார் நடக்குது?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். ரம்பேடியும் சிரித்தார்.

"பாதிப் புகை உங்க வீட்டு அடுப்புல இருந்துதான் வருது, அதை முதல்ல பாருங்க. இன்னொண்ணும் சொல்றேன். புகைபோக்கியில இருந்து போற துகள் இருக்கே, அது மேல போய் வெயிலைத் திருப்பி அனுப்புது. ஒரு குடை மாதிரி. வெளிநாட்டுல புகையை எல்லாம் சுத்தம் பண்ணினாங்க, சூடு இன்னும் ஏறிடுச்சு. எதுலயும் ரெண்டு பக்கம் இருக்குங்க."

"குடையா?" என்றாள் ஜபிலே.

கூடாரத்தில் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஆமாம்மா, உனக்கே தெரியுமே. விஞ்ஞானம்தானே."

"தெரியும் சார். அந்தக் குடை ஒரு வாரம்கூட நிக்காது. காத்தோட போயிடும், இல்ல மழையில இறங்கிடும். அதே புகைபோக்கியில இருந்து போற கரியமில வாயு நம்ம பேரன் பேத்தி காலம் தாண்டியும் அங்கேயே இருக்கும். அதனால ஓயாம புதுசு புதுசா துகளை ஊதிக்கிட்டே இருக்கணும். அப்பத்தான் குடை நிக்கும். அதுக்கு நடுவுல மூச்சு விடறது யாரு சார்? உலகத்துக்குக் குடை பிடிக்கச் சொல்லி எங்க அம்மாவை யாரு கேட்டா?"

"ஜபிலே, துக்கத்துல பேசற..."

"துக்கம் இல்ல சார். எனக்கு வர்றது துக்கம் இல்ல. ஆமா, நாங்க கரிதான் எரிக்கிறோம். தலைக்கு மேல போற கம்பியில இருந்து கரண்ட் எடுக்க எங்களுக்கு வக்கு இல்ல, அதனால எரிக்கிறோம். அந்த அடுப்புப் புகையும் சேர்ந்துதான் அந்த நாடாவுல இருக்கு. அதையும் சேர்த்தே காட்டுங்களேன். எதுக்கு அழிக்கச் சொல்றீங்க?"

ரம்பேடி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். போகும்போது அப்பாவின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் ஜபிலே திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அம்மாவின் அறையில் கட்டில் இல்லை, துக்க வழக்கப்படி வெளியே எடுத்துவிட்டிருந்தார்கள். மெத்தையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். ஜூலை மாதம். கோளாறு, கோளாறு, கோளாறு. அவள் கையால் குறித்தவை நாற்பத்தொரு மணி நேரம். ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுக்க எடுக்கக் கட்டங்களில் எண்கள் வந்து உட்கார்ந்தன. கடைசி நாலு நாளை அப்படியே விட்டாள். பிறகு கடந்த இரண்டு குளிர்காலத்தின் கோப்புகளையும் இணைத்து, 'இதற்கு முன் கோளாறு என்று குறித்தது நான். கருவி சரியாக இருந்தது' என்று இரண்டு வரி எழுதி, கையெழுத்திட்டு, அரசாங்க அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடப் பெற்றோர் குழுவுக்கும் அனுப்பினாள்.

நிமிர்ந்தபோது அப்பா கதவருகில் நின்றார். கறுப்புக் கோட்டின் கையில் துக்கத்துக்குத் தைத்த துணித்துண்டு. இரண்டு கைகளிலும் சாப்பாட்டுத் தட்டு.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன். போய் அவர்கிட்ட சொல்லுங்க. அவர் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டினீங்கல்ல."

"துக்கம் கேட்டான். தலையாட்டினேன்." தட்டுகளைத் தரையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து மெதுவாக மெத்தையில் உட்கார்ந்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது. "நாடான்னு என்னமோ சொன்னியே. அது எங்க?"

அவள் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் வெளிச்சத்துக்குப் பிடித்து ஒவ்வொரு புள்ளியாக விரலால் தொட்டுக்கொண்டு போனார். கறுப்புப் புள்ளியில் விரல் நின்றது.

"இது எத்தனை மணி?"

"ராத்திரி ரெண்டு."

"ரெண்டு மணிக்குத்தான் அணைப்போம்," என்றார்.

"எதை?"

"தகட்டை. புகைபோக்கிக்குப் போறதுக்கு முன்னாடி சாம்பலைப் பிடிக்கிற மின் தகடு. கீழ சாம்பல் ரொம்பிடுச்சுன்னா உற்பத்தியைக் குறைக்கணும். குறைக்க விட மாட்டாங்க. மேல இருந்து போன் வரும், ஒரு வரிசையை அணைச்சுடுன்னு. அணைச்சா சாம்பல் நேரா புகைபோக்கி வழியா வெளிய போயிடும். இருட்டுல எவனுக்கும் தெரியாது. காலையில அஞ்சு மணிக்குப் போட்டுடுவோம்." அவர் நாடாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பதினேழு வருஷம் அந்த ஸ்விட்ச் என் கையிலதான் இருந்துச்சு. இப்ப வேற எவனோ."

"தெரிஞ்சே பண்ணீங்களா? அம்மா இங்க இருமிக்கிட்டுக் கிடக்கறப்ப, தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவள் கத்த வாயைத் திறந்தாள். அவர் அவளைப் பார்த்தார். குற்றம் சாட்டவில்லை, சும்மா பார்த்தார். மடியில் திறந்து கிடந்த லேப்டாப்பில் நாற்பத்தொரு எண்களும் தெரிந்தன. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வெளியே அத்தை யாரையோ பானை கழுவச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள்.

மெத்தையில் கிடந்த போன் அடித்தது. ரம்பேடி. அடித்து நின்று மறுபடி அடித்தது. ஜபிலே கையை நீட்டுவதற்குள் அப்பா அதை எடுத்தார். பெயரைப் பார்த்தார். கோட்டைத் திறந்து, உள்ளே சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"அப்பா, அது..."

"சாப்பிடு. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல நீ."

அவர் நெஞ்சில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் எலும்பிலிருந்து இறைச்சியைப் பிய்த்து மகளின் தட்டில் வைத்தார்.