கடன் வாங்கிய வாக்குகள்

முடிவு அறிவிக்கச் சில நிமிடங்களே இருந்தபோது, திரையில் 'எதிர்ப்பு' என்ற சிவப்புப் பட்டை திடீரென்று நீண்டு பச்சையைத் தாண்டிப் போனது. ப்ரெடா காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

லுப்லியானா நகரின் பழைய புகையிலை ஆலைக் கட்டடத்தில் அவர்களுடைய அலுவலகம். 'யாவோர்' என்ற பிளாக்செயினை, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கக்கூடிய மின்னணுக் கணக்கேட்டை, அங்கிருந்துதான் பராமரித்தார்கள். அதற்கு முதலாளி இல்லை, உறுப்பினர்களே வாக்களித்து நடத்துகிறார்கள் என்பது அவர்கள் எல்லாக் கூட்டங்களிலும் சொல்லும் பெருமை. அதன் மின்னணு நாணயம் ஒன்றுக்கு ஒரு வாக்கு. போன வசந்தத்தில் அதன் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக யாரோ பலருடைய சேமிப்பைத் துடைத்துக்கொண்டு போனார்கள். பறிகொடுத்தவர்களுக்குப் பொது நிதியிலிருந்து ஈடு கொடுக்க வேண்டும் என்று, இப்போது வாக்கெடுப்பில் இருந்த தீர்மானத்தை எழுதியவள் ப்ரெடா.

பறிகொடுத்தவர்களில் ஒருவரான ஸ்டானே, நகரப் பேருந்து ஓட்டுநர், சீருடையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கூரை மாற்றச் சேர்த்த பணம் அவருடையது.

"என்னம்மா, சிவப்பு நம்மளுதா?"

"இல்லீங்க. தோத்துட்டோம்."

எதிர்த்து வாக்களித்தது ஒரே ஒரு முதலீட்டு நிறுவனம். பொது நிதியைத் தொட்டால் நாணயத்தின் விலை சரியும் என்பது அவர்கள் வாதம். ஆனால் போன வாரம் வரை அவர்களிடம் இவ்வளவு நாணயம் இல்லை. பிளாக்செயினில் எதையும் ஒளிக்க முடியாது. ப்ரெடா பின்னோக்கித் தேடினாள். யாருக்கு எத்தனை வாக்கு என்று முடிவு செய்ய, யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுத்த நாளில், அந்தக் கணத்துக்குச் சற்று முன் ஒரு பெரிய கடன். கணக்கெடுத்து முடிந்ததும் அப்படியே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கடன் வந்த இடம் யாவோரின் சொந்தக் கடன் பூல். சும்மா கிடக்கும் நாணயத்தை உறுப்பினர்கள் அதில் போட்டு வட்டி வாங்குவார்கள். அதைக் கடனாக எடுத்துப் போகிறவனோடு வாக்கும் போய்விடும்.

"மத்யாஷ், இதப் பாரு."

எதிர் மேசையிலிருந்த மத்யாஷ் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். பூலை வடிவமைத்தவன் அவன்.

"ம். கெட்டிக்காரனுங்க."

"கெட்டிக்காரனுங்களா? வாடகைக்கு ஓட்டு எடுத்திருக்கானுங்க."

"விதியில அதுக்குத் தடை இல்லயே ப்ரெடா. அந்த விதிய வெச்சப்ப நீயும்தானே கை தூக்கின?"

அவன் குரலில் கேலிகூட இல்லை. வாகன நிறுத்தக் கட்டணத்தைப் பற்றிப் பேசுகிற குரல்.

பூலில் நாணயம் போட்டிருந்தவர்களின் கணக்கு முகவரிகளை அவள் நகர்த்திப் பார்த்தாள். அவளுக்கு ஆதரவாக வாக்களிப்பதாகச் சொன்னவர்கள் பலர் அதில் இருந்தார்கள். நடுவில் ஸ்டானேயின் முகவரி. திருடன் விட்டுவைத்த மிச்சம்.

"நீங்க பூல்ல போட்டிருக்கீங்களா?"

"ஆமா, மத்யாஷ்தான் சொன்னாரு, சும்மா வெச்சிருந்தா வீண்னு. ஏன்?"

ப்ரெடா சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப என் காசே எனக்கு எதிரா ஓட்டுப் போட்டிருக்கு."

"ஆமா."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

"இப்பவே வெளிய எடுத்துரலாம்," என்றாள் ப்ரெடா. "எல்லாருக்கும் எழுதுறேன். எல்லாரும் எடுத்துட்டா, அடுத்த மாசம் தீர்மானத்த மறுபடி கொண்டு வரலாம். அவனுங்களுக்குக் கடன் வாங்க எதுவும் இருக்காது."

மத்யாஷ் தோளைக் குலுக்கினான். "எடுக்கலாம். ஆனா பெரிய கடன் போனப்ப வட்டி எகிறுச்சு. மறுபடி ஓட்டுன்னா மறுபடி எகிறும்."

ஸ்டானே தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "எவ்வளவு எகிறும்?"

மத்யாஷ் சொன்னான். ஸ்டானே உதட்டை அசைத்து மனக்கணக்குப் போட்டார். ப்ரெடாவின் விரல், அவர் நாணயத்தைப் பூலிலிருந்து வெளியே எடுக்கும் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"அந்த ஈடு எப்படியும் வரப்போறதில்ல," என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "மிச்சம் அங்கயே இருக்கட்டும்மா."

ப்ரெடா மடிக்கணினியை மூடினாள். கழிவறைக்குப் போய், சோப்பு போட்டு, நெடுநேரம் கை கழுவினாள்.