மலையில் நிற்பவர் பெயர்

என் மாமனார் குழந்தைசாமி கைப்பிள்ளையாக இருந்தபோது 1885 பர்மாச் சண்டைக்குப் போனவர் அவருடைய அப்பா. வெள்ளைக்காரப் பட்டாளத்தில் டாக்டர். திரும்பவே இல்லை. பர்மாக்காரி ஒருத்தியோடு தங்கிவிட்டார் என்று ஊர் பேசியது. எழுபது வயதிலும் மாமனார் அந்தப் பேச்சுக்குத் தலை குனிவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் வீட்டுக்காரருக்குத் தாத்தாவின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அவரும் புதுக்கோட்டையில் பழைய சமஸ்தானத்துக் கச்சேரி ஆபீசுக்குப் பலமுறை போய், பட்டாளத்து டாக்டர்களின் காகிதக் கட்டுகளில் அந்தப் பெயரைத் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். "நீங்க தேடுன லட்சணம் போதும், நான் போறேன்" என்று 1955 மாசியில் பஸ் ஏறினேன்.

கட்டுகள் இருந்த அறை குளத்தின் அடி மாதிரி இருந்தது. பச்சைக் கண்ணாடி வழியே வெயில் அசைந்து அசைந்து இறங்கியது. தூசி மிதந்தது. கைப்பிள்ளையோடு ஒருத்தி எனக்கு முன்னால் நிற்பதுபோல் தோன்றியது. கண்ணைக் கசக்கினால் யாரும் இல்லை.

"யார் பேரும்மா?" என்றார் குமாஸ்தா.

நாக்கு எழவில்லை. தாத்தா பெயர்தான். ஆனால் அது என் வீட்டுக்காரர் பெயரும் அல்லவா!

"மலை மேல கோவணத்தோட நிக்கிறாருல்ல, பழனியில... அவரு பேருங்க."

"பழனிமலையா?" அவர் வேறொரு கட்டை அவிழ்த்தார். "இந்தா இருக்கு. பட்டாளத்து டாக்டர் பழனிமலை. அன்னவாசல் பக்கம். பெண்சாதி கண்ணாத்தாள் கொடுத்த மனு."

கண்ணாத்தாள் என் மாமனாரின் ஆத்தா. பாவி மகள், அவளும் இப்படித்தான் சொல்லிவிட்டு நின்றிருக்கிறாள்!

குமாஸ்தா மீதியைப் படித்துச் சொன்னார். ஊரையும் வேலையையும் வைத்துப் பட்டாளத்தார் ஆளைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஐராவதி ஆற்றங்கரையில் காலரா கண்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர், அதிலேயே தானும் போய்விட்டார். அந்தச் சேதி 'பழனிமலை பெண்சாதி' என்ற விலாசத்துக்கு வந்து, அப்படி யாரும் ஊரில் இல்லை என்று திரும்பிப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் சொன்னேன்.

"எங்க ஆத்தா சாகுறவரைக்கும் தாலியக் கழட்டல. அவரு பேரையும் சொன்னதில்ல. நீயாச்சும் ஒருதடவ சொல்லு தாயி, கேக்குறேன்."

எனக்கு அழுகை வந்தது. கண்ணாத்தாளுக்கும் சேர்த்து, வாய்விட்டே சொன்னேன்.

"ஆண்டிச்சாமி."

கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"இந்தா வாரேன்."