கல்லறைத் திருநாள் சீட்டு

நவம்பர் இரண்டாம் தேதி பூசையில் சாமியார் வாசிப்பதற்காக, வீட்டுக்கு ஒரு சீட்டு வீதம் செத்தவர்கள் பெயரை எழுதுவது புதுவாயல் கோயில் உபதேசியாரான என் தலையில் விடிந்த வேலை. செத்தவர்கள் பெயரையே பிள்ளைகளுக்கும் வைத்துத் தொலைப்பார்கள். அதனால் ஒரு பெயர் இரண்டாம் முறை வந்தால் மட்டும், யார் எதனால் செத்தார் என்று கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொள்வேன்.

1975இல் கிரேஸ் வந்தாள். முப்பத்தைந்து வயது. கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த கம்பெனியில் வேலை செய்யும் அண்ணன் சாலமோனும் கூட வந்து, சோடா குடித்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான்.

“பெரியப்பா சாலமோன்” என்றாள் கிரேஸ். எழுதினேன்.

“அத்தை ஆரோக்கியமேரி. அப்பால எங்க அக்கா, அதுவும் ஆரோக்கியமேரி.”

“யாருக்கு இன்னா சீக்கு?”

“அத்தைக்கு மாருல கட்டி. அக்காவுக்குக் கர்ப்பப்பையில கட்டி.”

கட்டி, மறுபடியும் கட்டி. நிமிர்ந்தேன். அவள் கை அக்குளைத் தடவிக்கொண்டிருந்தது.

“அங்க இன்னா?”

“இதுவா? சும்மா நெறி கட்டிக்கினு கீது. வலியே இல்ல. அவங்களுக்கு வந்தது வேற, இது வேற.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எல்லாம் ஒரே பேஜாருதாம்மா. ஆளுக்கு ஆளு எடத்த மாத்திக்கினு வருது. நாளைக்கே பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போவணும். சாலமோன், நீ இட்டுக்கினு போ.”

“எனக்கே நாலு மாசமா வயிறு சரியில்ல, உபதேசியாரே.”

“பஜ்ஜியக் கொற, சரியாப் பூடும்.”

போனார்கள். மார்பில் இருந்த கட்டிதான் அக்குளில் நெறி கட்டியிருந்ததாம். டாக்டர்கள் கிரேஸின் மார்பை எடுத்தார்கள். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்களாம். கோயிலுக்கு வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

மறு வருடம் ஜூலையில் சாலமோன் செத்தான். குடலில் கட்டி. அடக்க ஜெபம் நான்தான் சொன்னேன்.

நவம்பரில் கிரேஸ் தனியாக வந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் நன்றாக இருந்தாள்.

“பெரியப்பா சாலமோன். அண்ணன் சாலமோன்.”

பெயர் இரண்டாம் முறை வந்துவிட்டது. வழக்கப்படி கேட்டேன்.

“பெரியப்பா எதனால போனாரு?”

“அவருக்கும் குடல்லதாங்க கட்டி.”

“இத ஏம்மா போன வருசமே சொல்லல?”

“நீங்க கேக்கலியே” என்றாள்.